புதன்கிழமைப் பல் வைத்தியம்

ஜனவரி 16, புதன்

இந்த டயறி நகைக்கடையில் சும்மா தந்தது. அட்டையில் லட்சுமி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ராகுகாலம். இரண்டு வருடமாக அலுமாரிக்குள் இப்படி ஒன்று வந்து சேரும், நான் அதில் கடைச்சாமான் எழுதிக் கிழிப்பேன். இந்த முறை எழுதச் சொன்னது டொக்டர். கபிஷன் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், யாரோடு கதைத்தான் என்று குறித்துவைக்க வேண்டுமாம்.

கபிஷன் எங்கள் இளையவன். எட்டு வயது. வீட்டில் வாய் மூடான், பள்ளிக்கூடத்தில் வாய் திறவான். போன ஓகஸ்டில் இந்த ஊருக்கு வீடு மாறி வந்தோம், அன்றிலிருந்து வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை என்று வாத்தியார் கடிதம் போட்டிருந்தார். மூத்தவள் நிலானிதான் வாசித்துச் சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று. சுவிசுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்கு டொச், இந்த ஊர் ஜெர்மன் மொழி, முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் அளவுக்குத்தான் காணும். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ரெஸ்டோரண்ட் குசினியில் சட்டி கழுவக் காணும். மிச்சத்துக்கு நிலானி இருக்கிறாள்.

இன்று போனது பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற டொக்டரிடம். அந்தப் பெயரை இவர் வீட்டில் சொல்ல விடமாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டுத் தரலாம் என்று டொக்டர் சொன்னதும் இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நிலானியிடம், "வேண்டாம் எண்டு சொல்லு. தமிழ் ஆள் ஒண்டு இந்த அறைக்குள்ள வந்தா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள்ள கதை நிக்கும். நீ இருக்கிறாய்தானே" என்றார். நானும் தலையாட்டினேன். ஊர்வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன.

டொக்டர் நிலானியைப் பார்த்து மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். என்னவாம் என்று கேட்டேன். சரியாம் என்றாள்.

பஸ் தரிப்பில் லலிதா அக்காவைக் கண்டோம். கோயில் அன்னதானக் குழுவில் இருப்பவர். அவருக்குத் தெரியாமல் இந்த மாகாணத்தில் ஒருவரும் தும்மவும் முடியாது. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். "பல்லுக்கு" என்று இவர் சொல்லிவிட்டார். இனி இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பதினாலு நாளுக்கொரு புதன் பின்னேரம், எங்களுக்குப் பல் வைத்தியம்.

ஜனவரி 19, சனி

கபிஷன்: இடியப்பம் ஆறு, சொதி, முட்டைப்பொரியல். நித்திரை நல்லது. கதை: நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

ஜனவரி 24, வியாழன்

முழங்கால் வீங்கிப்போய் இருக்கிறது. ஸ்கான் எடுக்கக் காப்புறுதிக் கந்தோரில் அனுமதி கேட்க வேண்டும். நிலானி பள்ளிக்கூட இடைவேளையில் போன் எடுத்துக் கேட்டாள். அவர்கள் அவளை நாலு இடத்துக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்களாம். கடைசியில் அவள் நான்தான் என்று, என் பெயரும் பிறந்த திகதியும் சொல்லிக் கதைத்தாளாம். கேட்டுச் சிரித்தேன். கெட்டிக்காரி. எத்தனை பெரியவர்களுக்கு இது வரும்?

கபிஷன்: சோறு, கோழிக்கறி. நித்திரை நல்லது.

ஜனவரி 30, புதன்

கபிஷன் முதலில் தனியாக டொக்டரோடு மரப் பொம்மை மிருகங்களை வைத்து விளையாடுவான். பிறகு அவனை வெளியே விளையாட விட்டு எங்களைக் கூப்பிடுவார். டொக்டர் இரண்டு வசனம் சொல்வார், நிலானி நாலு வசனமாகத் தமிழில் தருவாள். நம்முடைய பாஷை நீளம் கூடியது போலும்.

இன்று சொன்னது: கபிஷன் பசுமாட்டின் காதுக்குள் ஏதோ குசுகுசுத்தானாம், அது நல்ல அறிகுறியாம். கட்டாயப்படுத்திக் கதைக்க வைக்கக் கூடாதாம். நிலானி கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "பிள்ளைக்கு வீட்டு வேலையைக் குறைக்கட்டாம்."

கபிஷனுக்கு என்ன வீட்டு வேலை? சாப்பிட்ட கோப்பையைக் கழுவுமிடத்தில் வைப்பான், அதுவும் அதட்டினால். சரி, டொக்டர் சொல்லிவிட்டார். இன்றிலிருந்து கோப்பையும் எடுக்க வேண்டாம் என்றேன். இளவரசர் மாதிரி எழும்பிப் போனான். நிலானி எடுத்துக் கழுவினாள்.

பிப்ரவரி 3, ஞாயிறு

கோயில். லலிதா அக்கா கபிஷனின் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னார். எந்தப் பல் என்று கேட்டார். நான் கடைவாய் என்றேன். இவர் அதே நேரம் முன்பல் என்றார்.

பிப்ரவரி 8, வெள்ளி

நான் காலை ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்கும்போது நிலானியின் அறைக் கதவடியில் வெளிச்சம். எழும்பிப் படிக்கிறாள். இந்த வயதில் பிள்ளைகளை அடித்து எழுப்பவேண்டிய வீடுகள் இருக்கின்றன. எனக்குக் கடவுள் ஒரு பக்கத்தில் எடுத்தாலும் மறுபக்கத்தில் தந்திருக்கிறார்.

கபிஷன்: பிட்டு, மாம்பழம். நித்திரை நல்லது.

பிப்ரவரி 13, புதன்

இன்று டொக்டர் சொன்னதாக நிலானி சொன்னவை. ஒன்று, கபிஷன் டொக்டரிடமே இரண்டு சொல் பேசிவிட்டான். "மாடு" என்றும் "இல்லை" என்றும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றது, பிள்ளைக்குச் சரியாக நித்திரை இல்லை. படுத்தாலும் தலைக்குள் நாளைக்குச் செய்யவேண்டியதெல்லாம் ஓடுமாம்.

எனக்குப் பிடிபடவில்லை. கபிஷன் தலையணையில் தலை வைத்தால் விடியும்வரை வாயைத் திறந்துகொண்டு கிடப்பான். நான் எழுதிவைத்ததைக் காட்டி, நித்திரை நல்லதுதானே, டயறியில் இருக்கிறதே என்றேன். நிலானி அதை டொச்சில் சொன்னாள். டொக்டர் சிரித்துத் தலையாட்டினார். "சில பிள்ளையள் நித்திரை மாதிரிக் கிடப்பினமாம்" என்றாள் நிலானி.

இன்னொன்றும் சொன்னாள். பிள்ளைக்கு முன்னால் வருத்தம், விசா, கடிதக் கதைகள் கதைக்க வேண்டாமாம். கபிஷன் இருக்கும்போது நாங்கள் எப்போது கதைத்தோம்? அவனைக் கார்ட்டூன் பார்க்க அனுப்பிவிட்டு நிலானியோடுதானே கதைப்போம்.

பிப்ரவரி 17, ஞாயிறு

களைப்பு. கோயிலுக்குப் போகவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிடந்தேன். வதிவிட அனுமதி புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இவருடைய சம்பளத் துண்டு மூன்று மாதத்துக்கும் வேண்டுமாம், ஒரு மாதத்தது காணவில்லை. நிலானி பின்னேரம் முழுக்க அதோடு இருந்தாள். ஒரு கட்டத்தில், "இது கிடைக்காட்டி எங்களை அனுப்பிப் போடுவினமோ அம்மா?" என்று கேட்டாள். சும்மா விசர்க்கதை கதைக்காதே என்றேன். எனக்குமே தெரியாது.

கபிஷன்: தோசை நாலு. நித்திரை நல்லது (என்று நினைக்கிறேன்).

பிப்ரவரி 21, வியாழன்

நிலானியின் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி திரும்பவும் பாதி நிறைந்தபடி வந்தது. டயட் என்கிறாள். இந்த வயதுப் பெட்டைகளுக்கு அது ஒரு விசர். குளியலறை வடிகாலில் நீள நீளமாக மயிர். ஷாம்பூவை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 25, திங்கள்

வாத்தியார் போன் எடுத்தார். கபிஷன் பக்கத்துப் பிள்ளையிடம் அழிறப்பர் கேட்டானாம். வாய்விட்டுக் கேட்டானாம்! நிலானி போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லும்போது அவளும் சிரித்தாள். அவள் சிரித்துக் கனநாள் போல இருந்தது. இவர் வேலையால் வரும்போது கேக் வாங்கி வந்தார்.

பிப்ரவரி 27, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. அழிறப்பர் கதையை டொக்டரும் கேள்விப்பட்டிருந்தார். கபிஷனின் தலையைத் தடவி வெளியே விளையாட அனுப்பினார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொன்னார். நிலானி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், மொழிபெயர்த்தாள்.

"தான் இல்லாட்டி வீட்டில எல்லாருக்கும் சுகம் எண்டு பிள்ளை நினைக்குதாம்."

இவர் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள், அதே சொற்கள். ஒரு பிள்ளைக்கு எட்டு வயதில் இப்படி ஒரு நினைப்பு வருமா? டொக்டர் சிரித்த முகத்தோடு இதை எப்படிச் சொன்னார் என்று எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரர் செத்த வீட்டுச் செய்தியையும் புன்னகையோடு சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேள் என்றேன். நிலானி டொச்சில் ஏதோ கேட்டாள், டொக்டர் ஏதோ சொன்னார். "கிட்ட இருக்கட்டாம். அடிக்கடி பார்க்கட்டாம்" என்றாள்.

பஸ்ஸில் கபிஷனை மடியில் இருத்தினேன். பாரம். கால் விண்விண் என்று வலித்தது, இறக்கவில்லை. நிலானி பின் ஆசனத்தில் தனியாக இருந்து வந்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

இவர் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருக்கிறார். நான் கபிஷனின் பக்கத்திலேயே படுக்கிறேன். அவன் காலால் உதைக்கிறான், காலை எழும்பிப் பானும் ஜாமும் கேட்கிறான், பாட்டுப் பாடுகிறான். கவலை இருக்கிறதா ராசா என்று கேட்டால், இருக்குதாம், பிறந்தநாளுக்குக் கேட்ட லெகோ இன்னும் வரவில்லையாம். இந்தப் பிள்ளை எனக்கு நடிக்கிறதா? சிரிக்கச் சிரிக்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

நாளை நிலானி வகுப்போடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமைதான் வருவாள். தான் போகாவிட்டால் நல்லது என்று இரண்டு முறை சொன்னாள். "புதன்கிழமை டொக்டரிட்ட ஆர் வருவினம்?" என்று கேட்டாள். அதை அடுத்த கிழமைக்கு மாற்றலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

மார்ச் 12, செவ்வாய்

டொக்டரின் கந்தோரிலிருந்து இவருக்குப் போன். நிலானி வரமாட்டாள் என்று இவர் எப்படியோ சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறோம் என்று அவர்கள் சொன்னது இவருக்கு விளங்கியும் விட்டது. "வேண்டாம் எண்டு சொல்ல வாயில டொச் வரேல்லை. யா யா எண்டிட்டன்" என்றார். பேசி என்ன பயன். பல் வைத்தியக் கதை நாளையோடு முடிந்தது.

மார்ச் 13, புதன்

அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தெரிந்த முகம். பெயர் சந்திரவதனி என்றார். தமிழ்க்கடையில் மரக்கறி பொறுக்கும்போது கண்டிருக்கிறேன். அவரும் என்னை அறிந்திருப்பார், ஆனால் அந்த மாதிரிக் காட்டவில்லை. இங்கே கேட்பது எதையும் வெளியில் சொல்லமாட்டேன், அது என் தொழிலின் சட்டம் என்று முதலில் சொன்னார். நான் நம்பவில்லை. இவரும் நம்பவில்லை.

கபிஷன் வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். நான் தமிழில், என் வாயால், முதல் தடவையாக அந்த டொக்டரிடம் கேட்டேன். தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்று பிள்ளை இன்னும் நினைக்கிறானா?

சந்திரவதனி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டொச்சில் சொன்னார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். போனமுறை, நிலானி மொழிபெயர்த்தாள் என்றேன். நித்திரை இல்லாததையும், வீட்டு வேலையைக் குறைக்கச் சொன்னதையும், பிள்ளைக்கு முன்னால் விசாக் கதை கதைக்கக் கூடாது என்றதையும் டயறியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

டொக்டர் எதுவும் அப்படிச் சொல்லவில்லையாம். ஒன்றையும் சொல்லவில்லையாம். கபிஷன் அப்படி எதையும் பேசவும் இல்லையாம். போனமுறை சிரித்துக்கொண்டு சொன்னது, பிள்ளை நன்றாக முன்னேறுகிறான், பெற்றோர் பொறுமையாக இருந்தது நல்லது என்று. இன்னொன்றும் சொன்னார். ஒரு பிள்ளை இந்த அறையில் மொழிபெயர்ப்பது சரியில்லை, இதுதான் கடைசி என்று ஒவ்வொரு முறையும் நிலானியிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அம்மா வேறு ஆளுக்குச் சம்மதிக்கவில்லை, தனக்கு ஒரு கரைச்சலும் இல்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறாள். தான் அதை விட்டுப்பிடித்தது பிழை என்று டொக்டர் சொன்னார்.

பிறகு டொக்டர் கேட்டதைச் சந்திரவதனி தமிழில் சொன்னார்.

"உங்கட மகள் எப்பிடி நித்திரை கொள்ளுறவ?"

ஐந்து மணி வெளிச்சம் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுப் பெட்டி. வடிகாலில் மயிர். எல்லாம் என் கையெழுத்தில் இந்த டயறிக்குள் இருக்கின்றன. நான் எழுதினேன், நான் பார்க்கவில்லை. இவர், "பிள்ளை மலையில நிக்குது" என்று மட்டும் சொன்னார். அதையும் சந்திரவதனி மொழிபெயர்த்தார்.

டொக்டர் உடனே முகாமில் நிற்கும் ஆசிரியைக்குப் போன் எடுத்தார். நிலானி நன்றாக இருக்கிறாள், பக்கத்தில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம் என்றார்களாம். அதட்டாமல், ஒன்றும் கேட்காமல், குரலை மட்டும் கேளுங்கள் என்று டொக்டர் போனை என்னிடம் தந்தார்.

பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நிலானி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, என்ன கடிதம் வந்திருக்கு?"

ஒரு கடிதமும் வரவில்லை, சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம். வேறு ஒன்றும் இல்லையா என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை, சும்மா எடுத்தேன் என்றேன். அவளுக்கு அது நம்பமுடியாமல் இருந்தது.

மார்ச் 14, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 15, வெள்ளி

ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். என்ன நடந்தது, ஏன் அப்பாவும் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டாள். முகம் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது.

வீட்டில் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொடுத்தேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, புதன்கிழமை போனோம், ஒரு அன்ரி வந்து மொழிபெயர்த்தா என்று சொன்னேன். அவளுடைய கை கோப்பையில் அப்படியே நின்றது. "கோயில் ஆளோ? அப்பா ஏசினவரோ?" என்று கேட்டாள். அவளுடைய பயம் அப்போதும் எங்களைப் பற்றித்தான்.

ஒருவரும் ஏசவில்லை, ஒருவருக்கும் கோபமில்லை என்றேன். ஏன் பிள்ளை எங்களிடம் நேரே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் பொய் சொல்லேல்லை அம்மா. எல்லாம் உண்மை. ஆள்தான் வேற."

பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தலையிடிக்குது எண்டா பரசிற்றமோல் போடச் சொல்லுவீங்கள். டொக்டர் சொல்லுறா எண்டு சொன்னாத்தானே டயறியில எழுதுறனீங்கள்."

இவர் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. தண்ணீர்க் கட்டணத்துக்கு என்னோடு சண்டை பிடிக்கிற மனுசன். நான் நிலானியைக் கட்டிப்பிடித்தேன். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு மெலிந்தாள்? என் பிள்ளை என் கண்முன்னால் கரைந்திருக்கிறாள், நான் மற்றப் பிள்ளையின் இடியப்பத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

அவசரமாக நேரம் கொடுத்தார்கள். நிலானி தனியாக உள்ளே போனாள். நாங்கள் வெளியே. கதவு மூடியிருந்தது. ஒருமணி நேரம் அவள் அங்கே என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லையாம். பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சந்திரவதனி மூலம் டொக்டர் சொன்னார். இது விளையாட்டல்ல, ஆனால் கைவிட்டுப் போகவும் இல்லை. கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும். இந்த நினைப்புத் திரும்பி வந்தால் இரவோ பகலோ எடுக்க ஒரு நம்பர் தந்தார். கடிதங்களுக்கு நகரசபையில் உதவி செய்யும் மேசை ஒன்று இருக்கிறது, பிள்ளை அதைத் தொடக் கூடாது.

நிலானி பக்கத்தில் சும்மா இருந்தாள். சந்திரவதனி ஒரு சொல்லுக்காகத் தடுமாறியபோது அவளுடைய உதடு அசைந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

மார்ச் 23, சனி

தமிழ்க்கடையில் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சந்திரவதனி. எங்கள் வீட்டின் உள்ளெல்லாம் தெரிந்த மனுசி. முன்பின் தெரியாத ஆளைப் போல நுனி முறித்துப் பார்த்து நாலு வெண்டிக்காய் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மனுசிக்குப் பயந்தா ஒரு பிள்ளையைச் சுமக்க வைத்தோம்?

மார்ச் 26, செவ்வாய்

கடிதம் ஒன்று வந்தது, மண்ணிற உறை. மேசையில் கிடந்தது. நிலானி பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அதை எடுத்துக் கிழிக்கப் போனாள். வாங்கி என் கைப்பையில் வைத்தேன். பிழைபட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். பிழைபட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன். கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இதற்கும் கோபம் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மார்ச் 31, ஞாயிறு

கோயில். இவர் நேர்ந்த தேங்காய்களை உடைத்தார். யாருக்கு நேர்ந்தது என்று பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும்.

லலிதா அக்கா அன்னதான வரிசையில் என்னைப் பிடித்தார். போன கிழமையும் எங்களைப் பஸ்ஸில் கண்டவராம். "இப்ப மகளுக்கும் பல்லோ?" என்று கேட்டார். இவர் சோற்றுத் தட்டோடு அசையாமல் நின்றார். நிலானி பத்தடி தள்ளி நின்றாள். அவளைப் பார்த்தேன். சொல்லவா என்று கண்ணால் கேட்டேன். தோளைக் குலுக்கினாள், பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

"பல்லில்லை அக்கா. பிள்ளைக்கு மனசு சரியில்லை. அதுக்குத்தான் போறம்."

லலிதா அக்காவின் கையில் இருந்த கரண்டி வாளிக்குள் போனது, மேலே வரவில்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். ஊருக்கே ஒலிபெருக்கியாக இருக்கிற மனுசி, எனக்கே கேட்காத குரலில், "எத்தினையாம் நம்பர் பஸ்? எங்க இறங்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றினார்.

ஏப்ரல் 4, வியாழன்

நிலானி: சோறு பாதி, பருப்பு, அப்பளம் இரண்டு. கபிஷனோடு சண்டை. கோப்பையை அவனே கழுவ வேண்டும் என்று சத்தம் போட்டாள். அவன் அழுதுகொண்டு கழுவினான். நான் தலையிடவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

காலை ஐந்து மணி. கதவடியில் வெளிச்சம் இல்லை. நேற்று இருந்தது, முந்தாநாளும் இருந்தது. இன்று இல்லை. கதவில் காதை வைத்து மூச்சு வருகிறதா என்று கேட்டேன். வந்தது. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கி வேலைக்குப் போனேன்.